பக்கத்து அறைக்காரர்

புகழேந்தி தன் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தது கிடையாது. ஆனால் திண்டிவனத்திலிருந்து கோலியனூர் வரைக்கும் சொந்தக்காரர் யாரைக் கேட்டாலும், "சவுரியம்மா பையனா? தங்கச்சி கல்யாணத்துல சிகரெட்டு புடிச்சு மாட்டிக்கினு அறை வாங்குனானே, அவனா?" என்பார்கள். ஏழு வருஷம் கப்பலில் ஊர் ஊராகச் சுற்றியவனுக்குச் சொந்தபந்தம் கொடுத்த பட்டம் இதுதான். நியாயமா என்றால் நியாயமில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் அப்பா ராஜாமணி அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். சோறில்லாமல் ஒரு நாள் இருப்பார், பீடியில்லாமல் அரை மணி நேரம் இருக்க மாட்டார். 1993-இல் நெஞ்சு நோயில் அவர் போய்ச் சேர்ந்தபோது புகழேந்திக்குப் பதினோரு வயசு, தங்கை அமலாவுக்கு நாலு. கல்லறையிலிருந்து திரும்பிய சவுரியம்மாள் முதல் வேலையாகக் கூரையில் செருகியிருந்த பீடிக் கட்டுகளையெல்லாம் தேடித் தேடிப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அந்தப் புகைக்கு மூன்று பேரும் இருமினார்கள். மனுஷன் செத்த பிறகும் விடவில்லை.

அப்புறம் பெருமுக்கல் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளில் களையெடுத்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயசு வந்தபோது அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பையன் கறுப்போ சிவப்போ, படித்தவனோ படிக்காதவனோ, வாயில் பீடி சிகரெட்டு வைக்கக் கூடாது. "இருமுற ஆம்பளைக்குக் காலு புடிச்சு வுட்டது என்னோட போகட்டும்" என்பாள்.

புகழேந்தி கேட்டரிங் படித்துவிட்டுப் பாண்டிச்சேரி ஓட்டலொன்றில் கொஞ்ச நாள் ரூம்பாயாக இருந்தான். 2005-இல் ஒரு ஏஜெண்ட் மூலமாகச் சுற்றுலாக் கப்பலில் சேர்ந்தான். கப்பல் என்றால் மரக்காணத்தில் நாம் பார்க்கிற போட்டு இல்லை. பன்னிரண்டு மாடி, நீச்சல் குளம், சினிமாக் கொட்டகை எல்லாம் உண்டு. அவன் பொறுப்பில் பதினான்கு அறைகள், ஒவ்வொன்றுக்கும் கடலைப் பார்த்தபடி ஒரு பால்கனி. பால்கனியில் புகை பிடிக்கக் கூடாது என்பது கப்பல் சட்டம். அது சும்மா வம்புக்குப் போட்ட சட்டமில்லை. மேலே நின்று சுண்டி எறிகிற துண்டு கடலில் விழாது, காற்று அதைத் திருப்பி அடித்துக் கீழ்மாடிப் பால்கனியில் இருக்கிற மெத்தை நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கும். நடுக்கடலில் தீப்பிடித்தால் தெருவில் இறங்கியா ஓட முடியும்?

சட்டம் போட்டவர்கள் எங்கேயோ ஏசியில் இருக்கிறார்கள். கதவைத் தட்டிக் கேட்க வேண்டியவன் புகழேந்தி. லட்ச லட்சமாகக் கொட்டிக் கொடுத்து வந்த துரைகள் ஒப்புக்கொள்வார்களா? ஒரு அம்மா காபிக் கோப்பை நிறையச் சாம்பலைத் தட்டி வைத்துவிட்டு, இதென்ன என்று கேட்டதற்குத் தூரத்தில் தெரிந்த எரிமலையைக் கை காட்டினாள். அந்த எரிமலை அவள் பிறப்பதற்கு முன்பே அணைந்துபோனது. இன்னொரு கிழவர் எரிகிற சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டே "நானா?" என்றார். புகார் எழுதினால் அபராதம் விழும். அபராதம் விழுந்தவர் இறங்கும்போது, அறைப் பணியாளனுக்கு மரியாதை தெரியவில்லை என்று கருத்துச் சீட்டில் எழுதிவிட்டுப் போவார். எழுதாமல் விட்டால் சூப்பர்வைசர் சாம்பலைக் கண்டுபிடித்து இவனைக் காய்ச்சுவார். பேஜாரான பிழைப்பு.

இரண்டு வருஷம் இப்படி அடிவாங்கிய பிறகுதான் அவனுக்கு அந்தப் பொய் கிடைத்தது. கதவைத் தட்டுவான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைத் துக்க வீட்டில் வைப்பதுபோல வைத்துக்கொள்வான். "மன்னிக்க வேண்டும் ஐயா, பக்கத்து அறைக்காரர் யாரோ பால்கனியில் புகை பிடிக்கிறார். நாற்றம் உங்கள் அறை வரைக்கும் வருகிறது. உங்களுக்கு இப்படி ஒரு தொந்தரவு வந்ததே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆளைக் கண்டால் எனக்குச் சொல்லுங்கள்" என்பான். மாட்டிக்கொண்டோம் என்று வெலவெலத்து நின்றவருக்கு உயிர் திரும்பும். "ஆமாமப்பா, எனக்கும் வந்தது, என்ன மனிதர்களோ" என்பார். அதற்குப் பிறகு பிடிக்க மாட்டார். எரிமலை அம்மா இறங்கிப் போகிற அன்றைக்கு, "அந்த அயோக்கியனைப் பிடித்தீர்களா இல்லையா?" என்று அக்கறையாக விசாரித்தாள்.

கப்பலில் பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பொய்யின் உயிரே அதில்தான் இருந்தது. புகழேந்தி அதை ஒரு நாளும் யோசித்துப் பார்த்தவனில்லை.

2012 மே மாசம் அமலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சந்தோஷ், கோலியனூர்க்காரன், விழுப்புரத்தில் மருந்துக்கடையில் வேலை. நிச்சயமானதிலிருந்து மூன்று மாசமாக இரண்டு பேரும் போனில் பேசிப் பேசி அமலாவின் காது பழுத்துப்போயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பூமாலை ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பையன்களின் டவுசர் பையைத் தடவிப் பீடி பிடிப்பதில் பேர்போனவர். பெண் பார்க்க வந்தபோதே சவுரியம்மாளிடம், "எங்க வம்சத்துல அந்த வாசனையே கெடையாதும்மா" என்று அடித்துச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தமிழ்ச்செல்வி அவரை ஒரு பார்வை பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்து எழுந்தவர், இனிமேல் சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், விக்கிரவாண்டி டோல்கேட்டில் முக்கால் மணி நேரம் காய்ந்துவிட்டு மாப்பிள்ளை வீட்டு வேன் திண்டிவனம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. மாடியில் வரிசையாக நாலு அறை, நாலுக்கும் பால்கனி. முதல் அறை பூமாலைக்கும் அவர் மனைவிக்கும், அடுத்தது மாப்பிள்ளைக்கு. கீழே சாப்பாட்டுக் கூடம் பற்றாது என்று பால்கனிக்கு அடியிலேயே ஒட்டினாற்போலக் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். மே மாச வெயிலில் கீற்று மொரமொரவென்று காய்ந்து கிடந்தது.

லீவில் வந்திருந்த புகழேந்தி காபித் தட்டோடு மாடி ஏறினான். நடையில் கால் வைத்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. முதல் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. பால்கனியில் பூமாலை முதுகு காட்டி நின்றார், தலைக்கு மேலே புகை. காலடிச் சத்தம் கேட்டதும் வாத்தியார் பதறிப்போய்க் கையிலிருந்ததைச் சுண்டி எறிந்தார். அது நேராகப் பந்தல் மேல் விழுந்தது.

புகழேந்தி தட்டைக் கட்டிலில் வைத்தான், தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு ஓடினான், கம்பியில் சாய்ந்து குறி பார்த்து ஊற்றினான். கீற்று உஸ்ஸென்று அடங்கியது. கீழே பஜ்ஜி தின்றுகொண்டிருந்த வேங்கடேசன் என்கிற சித்தப்பா, "எவன்டா மேல இருந்துக்கினு தண்ணி ஊத்தறவன்" என்று ஏகவசனத்தில் ஆரம்பித்தார்.

பூமாலை முகத்தில் ரத்தமில்லை. அந்த நேரத்தில் புகழேந்தி வாயை மூடிக்கொண்டு காபியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஐந்து வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்து ரூம்ல யாரோ சிகரெட்டு புடிக்கிறாங்க போலக்குது. வாசன உங்க ரூமு வரைக்கும் வருது. யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க மாமா."

பூமாலைக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அளவோடு வந்திருக்கலாம். "அதானே பார்த்தேன்" என்றார். "எனக்கும் வந்துதுப்பா. யாரவன்?" என்று நடைக்கு வந்தவர், முப்பது வருஷப் பள்ளிக்கூடக் குரலோடு அடுத்த அறைக் கதவை ஓங்கித் தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் உள்ளே இருப்பது தன் பிள்ளை என்பது அவருக்கு உறைத்தது. புகழேந்திக்கும் அப்போதுதான் உறைத்தது. கதவு திறந்தது. கோட்டுப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்த சந்தோஷ், "இன்னாப்பா?" என்றான்.

பின்வாங்கினால் ஏன் தட்டினீர்கள் என்று கேள்வி வரும். பூமாலை பின்வாங்கவில்லை. "பாக்கெட்ட எடு வெளிய" என்றார்.

"இன்னா பாக்கெட்டு?"

"சிகரெட்டு பாக்கெட்டு. பொண்ணு வூட்டுக்காரங்களே வந்து சொல்றாங்க."

தமிழ்ச்செல்வி எங்கிருந்தோ ஓடிவந்து, "பெத்த வயிறு பத்தி எரியுதே" என்று அழ ஆரம்பித்தாள். அழுகை கீழே போக எவ்வளவு நேரமாகும்? பஜ்ஜித் தட்டு ஒரு வட்டம் சுற்றி முடிப்பதற்குள் சவுரியம்மாள் படியேறி வந்துவிட்டாள். பின்னால் உறவு ஜனம். அவர்களுக்கும் பின்னால், தலையில் பாதிப் பூ வைத்தபடி அமலா.

சவுரியம்மாள் கத்தவில்லை. "சம்மந்தி, நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்றாள். "நகை கேட்டனா, நிலம் கேட்டனா? புகழு, பந்தல்காரன பிரிச்சிக்கினு போவச் சொல்லு. எம் பொண்ணு இருமலுக்கு வாக்கப்பட வாணாம்."

"அத்த, நான் தொட்டதே இல்ல" என்றான் சந்தோஷ். "என்னை நம்பாத வூட்ல நானும் பொண்ணு கட்ட மாட்டேன்" என்று கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டான்.

புகழேந்தி பூமாலையைப் பார்த்தான். பூமாலை மின்விசிறியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று புகழேந்திக்குத் தெரியும். மனைவி தலையில் செய்த சத்தியம் சபையில் சந்தி சிரிக்கும், மாப்பிள்ளையின் அப்பாவை அவமானப்படுத்திவிட்டான் என்று அத்தனை பேரும் வேன் ஏறிவிடுவார்கள். சொல்லாமல் இருந்தால் ஒரு பாவமும் அறியாத பையன் போய்விடுவான். அமலா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண் நிரம்பிக்கொண்டே வந்தது. தான் அவிழ்த்துவிட்ட பொய், தானே கட்டியாக வேண்டும்.

"எம்மா, நான்தான் புடிச்சேன்" என்றான்.

தமிழ்ச்செல்வி அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.

"மாமா ரூமு பால்கனில நின்னு நான்தான் புடிச்சேன். மாமா வர்றதப் பாத்துட்டு பயத்துல பக்கத்து ரூம்னு சொல்லிட்டேன். மச்சான் மேல ஒரு தப்பும் கெடையாது."

சவுரியம்மாள் அவன் அருகில் வந்தாள். முகத்துக்கு நேராக ஒரு கணம் நின்றாள், மூக்கு விடைத்தது. ஆத்திரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு தரம் பூமாலை பக்கம் திரும்பினாள். பிறகு கையை வீசி ஒரு அறை வைத்தாள் பாருங்கள், இருபது வருஷம் களைக்கொட்டுப் பிடித்த கை, புகழேந்திக்கு மண்டபம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் ஒரு தலைமை ஆசிரியர் சும்மா இருக்க முடியுமா? பூமாலை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார். புகைப் பழக்கம் நுரையீரலை எப்படி அரிக்கும், குடும்பத்தை எப்படிக் கெடுக்கும் என்று பத்து நிமிஷம் நின்ற இடத்தில் பாடம் எடுத்தார். அவர் சட்டையிலிருந்து சிகரெட்டு வாடை குப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. புகழேந்தி கன்னம் எரிய, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று கேட்டுக்கொண்டான். உள்ளுக்குள் அந்த ஆளைத் தூக்கிப் பந்தல் மேல் போட்டால் என்ன என்று இருந்தது. சந்தோஷ்தான் கடைசியில், "விடுப்பா, மச்சான் பாவம்" என்று கோட்டை மறுபடி எடுத்து மாட்டினான்.

மறுநாள் காலையில் மாதா கோயிலில் சாமியார் முன்னால் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் ஒருவர் பாக்கியில்லாமல் புகழேந்தியிடம், "வுட்டுருப்பா அந்த கருமத்த" என்று புத்தி சொன்னார்கள். மத்தியானம் அமலாவை ஏற்றிக்கொண்டு வேன் கோலியனூருக்குக் கிளம்பியது. ஏறுகிற அவசரத்திலும் பூமாலை புகழேந்தியின் கையைப் பிடித்து அழுத்தினார்.

மண்டபம் காலியானது. அம்மாவும் பிள்ளையும் பந்தலுக்கடியில் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். சவுரியம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். விரல் பதிந்த இடம் இன்னும் தடித்திருந்தது.

"உம்மேல சோப்பு வாசனதான்டா வந்துது" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?" என்றான் புகழேந்தி.

"பீடிக்காரனோட குடும்பம் நடத்துனவ நான். யாரு புடிச்சா, எப்ப புடிச்சான்னு பத்தடி தள்ளி நின்னே சொல்லுவேன். ஆத்திரத்துல மொதல்ல கவனிக்கல, உங்கிட்ட வந்தப்பதான் தெரிஞ்சுது. வாத்தியாரு மேலதான் அடிச்சுது."

"தெரிஞ்சுமா என்ன அந்த அறை அறைஞ்ச?"

"அறையலன்னா எவன் நம்புவான்? மாப்ள புடிக்க மாட்டான்ல, எனக்கு அது போதும். கெழவன அந்தம்மா பாத்துக்கட்டும்."

"கப்பல்ல ஒருத்தன்கூட என்மேல கை வெச்சதில்லம்மா" என்றான் புகழேந்தி. சிரித்துவிட்டான்.

சவுரியம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அந்த அறை ஒனக்கு வெச்சது இல்லடா" என்றாள். "உங்கப்பனுக்கு வெச்சிருக்க வேண்டியது. அன்னிக்கே ஒண்ணு வுட்டுருந்தன்னா, இன்னிக்கு வேனு கிட்ட நின்னு பொண்ண அனுப்பியிருப்பான்."

புகழேந்தி அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மேலே பந்தல்காரர்கள் கீற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள்.