பழைய காருக்குப் புது மாடல் பம்பு

போன வெள்ளிக்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் தன் வேனுக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார். என்ஜின் மூடியைத் திறந்து, வண்டியை ஓடவிட்டபடியே உள்ளே கற்பூரத் தட்டை நீட்டினார். "அணைங்க! மொதல்ல அத அணைங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. "என்ன பெருசு, கருப்புச் சட்டைக் கட்சியா?" என்றான் ஒரு பையன். நெற்றி நிறையத் திருநீறோடு, கோயிலிலிருந்து நேரே வருகிறவனைப் பார்த்துக் கேட்கிறான்! சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு கோபம் தலைக்கேறியது. அது அவன் மேல் வந்த கோபம் இல்லை. ரொம்பப் பழையது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ரயிலேறப் போகிறவர்களுக்குக் கரி பஸ்தான் கதி. முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு முக்கி முனகி வரும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். வெள்ளை வேட்டியோடு ஏறின மாப்பிள்ளை, கரிமூட்டை வியாபாரி மாதிரி இறங்குவார். நான் அப்போது ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை வீட்டில் கார் டிரைவர். பெட்ரோல் இல்லாமல் கார் செங்கல் மேல் நின்ற நாளிலும் நான் காக்கித் தொப்பியைக் கழற்றியதில்லை. எட்டாவது தாண்டாதவனுக்கு அவ்வளவு மிதப்பு.

சண்டை முடிந்து காரைக் கீழே இறக்கினால், பெட்ரோல் பம்பு செத்துக் கிடந்தது. டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி என்ஜினுக்குத் தள்ளுவது அதுதான். உள்ளே இருக்கிற திரை அப்பளமாய் நொறுங்கிப் போயிருந்தது. அந்த மாடலுக்குத் திருச்சியில்கூடச் சாமான் இல்லை. அரியலூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்த மாணிக்கத்தைக் கூட்டி வந்தேன். என் வயதுதான். பட்டாளத்தில் வேலை கற்றவன். அவன் அப்பா அதே பண்ணையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். ஆகவே பின்கட்டுக் கொட்டகையில் காருக்கடியில் அவன் மணிக்கணக்காகப் படுக்கலாம். முன் கேட்டுக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது. அதை அன்றைக்கு நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. இப்போது நினைத்தால் பற்களை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது.

மாணிக்கம் எங்கேயோ அலைந்து, அதே கம்பெனி பிற்பாடு விட்ட மாடல் பம்பு ஒன்றைக் கொண்டுவந்தான். போல்ட் துளை அப்படியே பொருந்தியது. ஆனால் பம்பிலிருந்து என்ஜின் பக்கம் நீட்டியிருந்த கை கொஞ்சம் நீளம். பெட்ரோலைத் தள்ளும் வேகமும் அதிகம். அதை வாங்கிக்கொள்ளும் கார்பரேட்டர் தாங்காமல் பெட்ரோல் வெளியே வழிந்தது.

"அண்ணே, பம்புக்கடியில பேக்கிங்க இன்னும் கனமா வைக்கணும், ஸ்பிரிங்கையும் தளத்தணும்," என்றான். "ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

"நாளைக்கு ஆயுத பூஜைடா!"

"பண்ணுங்க. ஆனா என்ஜின ஓடவுடாதீங்க, நெருப்பக் கிட்ட கொண்டு வராதீங்க. ஐயாகிட்ட சொல்லிருங்க."

சொன்னேன். முதலாளியை நாங்கள் ஐயா என்போம். "இந்த வூட்டுல எந்த வருசம்டா ஓடாத வண்டிக்குப் பூஜை போட்டோம்? போடா!" என்றார்.

வண்டி ஓடிக்கொண்டிருக்க, மூடியைத் திறந்து, டிரைவரே கற்பூரம் காட்டுவது அந்த வீட்டு வழக்கம். மறுநாள் குளித்து, தொப்பியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்வாசலில் தட்டோடு நின்றேன். நாற்பது பேர் கூடியிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே இருந்து மாணிக்கம் கத்தினான்: "அண்ணே, கற்பூரம் வேணாம்! வழியுதுண்ணே, வேணாம்!"

"பூஜைய நிறுத்தச் சொல்ல இவன் யாருடா? நீ காட்டு!" என்றார் ஐயா.

நான் காட்டினேன்.

குப்பென்று பிடித்தது. தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்; ஓடியவர்களில் நான்தான் முதல் ஆள். மாணிக்கம் உள்ளே பாய்ந்து சாவியைத் திருப்பினான். தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்கை எடுத்து எரிகிற கார்பரேட்டர் மேல் போட்டு, தீ அவியும்வரை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். முழங்கைவரை வெந்துவிட்டது.

"கேட்டுக்குள்ள கால வச்சான், தெய்வக் குத்தம் ஆயிருச்சு. வேலையும் தெரியாத பய," என்றார் ஐயா. நெருப்புப் பிடித்த பிறகுதானே அவன் உள்ளே வந்தான்? சாமி கும்பிடுகிறவனாகச் சொல்கிறேன்: செய்ததெல்லாம் மனுசன், பழி மட்டும் தெய்வத்துக்கா? பிறகு ஐயா என் பக்கம் திரும்பினார்.

"இப்படி வழியும்னு நேத்தே ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இல்லீங்கய்யா," என்றேன்.

நாலாம் நாள் அரியலூருக்குப் போனேன். கொட்டகையில் ஒரு வண்டிகூட இல்லை. மாணிக்கம் கைகளை வாழையிலை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணே. நான் சொன்னது ஒங்க காதுல வுழுந்துச்சா, இல்லியா?"

"வுழுந்துச்சு மாணிக்கம்."

"அப்ப அத அங்க சொல்லுங்க. வேல தெரியாதவன்னு சொல்லிட்டா எவன் வண்டி கொண்டாருவான்? கை ஆறிரும்ணே, பேரு ஆறாது."

சொல்கிறேன் என்றேன். தை வந்தது, மாசி வந்தது. தினமும் சாமி கும்பிட்டேன், தினமும் நாளைக்கு என்றேன். கடைசியில் வேலையை விட்டுவிட்டு அரியலூர் போனபோது கொட்டகை இருந்த இடத்தில் நாலு குழிதான் இருந்தது. எந்த ஊர் போனான் என்று சொல்ல ஆள் இல்லை.

அந்தக் காரை உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். ஐயா போய்ச் சேர்ந்தார். பண்ணை பங்காகி, வீடு இடிந்து, கேட்டும் இல்லை. அன்று சுற்றி நின்ற நாற்பது பேரில் இன்று ஒருவரும் இல்லை. நான் மட்டும் இருக்கிறேன். ஆகவே அங்கே சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்: மாணிக்கத்துக்கு வேலை தெரியும். அவன் முதல் நாளே சொன்னான். என் காதில் விழுந்தது.