ஆட்களை இறக்கிவிடும் சரிவு

காலை 7.10. பூப்பாறையில் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். ஒன்பது கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். பின்னால் பதினொரு பெண்கள். முன்னால் டிரைவர் முருகேசனும் நானும். கொழிஞ்சாம்பாறையில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், தோட்டத்தில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போகிறேன்.

7.35. தார்ச்சாலை இறங்கி முடிந்து, தோட்டப் பாதை அதைவிடச் செங்குத்தாக இறங்கும் இடத்தில் ஜீப் நின்றது. எங்கும் மூடுபனி. அதுவரை வாய் ஓயாத பெண்கள் சத்தமில்லாமல் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள்.

"சாரும் இறங்கிக்கோங்க. வளைவு தாண்டி ஏத்திக்கிறேன்."

"முட்டி வலிங்க. எடை கூடுனா இழுப்பும் கூடும், டயரோட பிடிப்பும் கூடும். ரெண்டும் நேராயிருமுங்க. பன்னெண்டு பேரானாலும் ஒருத்தரானாலும் வண்டி நிக்கற தூரம் ஒண்ணுதான்" என்றேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்!

முருகேசன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்த அவர் கால் அடிவரை போயிற்று. வண்டி நிற்கவில்லை. கருகல் வாடை. பதிமூன்று பேரைத் தாங்கி வந்த சூடு இன்னும் ஆறவில்லை. நான் போட்ட கணக்கில் பிரேக்கின் சூட்டைச் சேர்க்கவே இல்லை. பின்னால் யாருமில்லை, ஆனாலும் ஆள் நிறைந்த மாதிரிதான் வண்டி இறங்கியது. செத்தோம் என்றே நினைத்தேன். முருகேசன் ஸ்டியரிங்கை ஒடித்து மண்மேட்டில் முட்டினார். பள்ளத்துக்கு ஒரு முழம் மிச்சம்.

இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டே சொன்னார்: "முன்ன ஒருநாளும் இப்படித்தான் சார். எல்லாரும் இறங்குனாங்க. எம் பொண்டாட்டி மட்டும் கால் வலிக்குதுன்னு உக்காந்திருந்தா. அன்னைக்கு வண்டி பள்ளத்துக்குப் போறப்ப நான் குதிச்சிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர் சமதரை. நிறுத்திய வண்டி நிறுத்திய இடத்தில் இருக்கும். அங்கே உட்கார்ந்து எந்தக் கணக்கையும் சரியாகப் போட்டுவிடலாம்.

அன்றைய பயணம் அதோடு நின்றது. மறுநாளும் அதே ஜீப். பிரேக்கைச் சரிபார்த்திருந்தார். அவர் சொல்லுமுன் இறங்கிவிட்டேன். முட்டி வலித்தது, நடந்தேன். காலி ஜீப் எங்களைத் தாண்டிப் பனிக்குள் இறங்கியது. உள்ளிருந்து முருகேசனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்க, புள்ள. நான் குதிக்க மாட்டேன்."

பக்கத்தில் நடந்த பெண்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை.