இரண்டு கதவுக் காரை விற்ற பிறகு

என் வீட்டுக்காரர் ரொம்ப வருஷமாக ஒரு பழைய கூபே கார் வைத்திருந்தார். கதவு இரண்டுதான். பின்னால் உட்கார முன்சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும்; எங்கள் மகள் அப்படி நுழைந்து நுழைந்தே வளர்ந்தாள். கதவோ அத்தனை நீளம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அதை முழுசாகத் திறக்க இடம் இருக்காது. ஒருக்களித்துத்தான் இறங்குவேன். புடவையில் அழுக்குப் படாமல் இறங்கிய நாள் குறைவு.

மகள் கல்யாணமாகி பெங்களூர் போனதும், அவளைப் பார்க்க அந்தக் காரில்தான் போய்வந்தோம். ஆம்பூர் வருவதற்குள் என்ஜின் சூடாகிவிடும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஏதாவது ஒரு மரத்தடியில் உட்காருவோம். இவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அங்கே பேசுவார். தன் அப்பாவைப் பற்றி, பாதியில் விட்ட படிப்பைப் பற்றி நான் கேட்டதெல்லாம் அந்த மரத்தடிகளில்தான்.

அப்புறம் அவருக்குத் தோள்பட்டை வலி வந்தது. அந்த கனமான ஸ்டியரிங்கை இனித் தொடவே கூடாது என்றார் டாக்டர். ஏனாத்தூரில் காலேஜ் வாத்தியாராக இருக்கும் ஓர் இளைஞர் ஆசைப்பட்டுக் கேட்டார், கொடுத்துவிட்டோம். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த புதுக் கார் ஒன்று வாங்கினோம்.

குறை சொல்ல முடியாத கார். ஒரு விரலால் திருப்பலாம். முதுகு வலிப்பதில்லை. பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தாலும் உள்ளே லேசாகத்தான் கேட்கும். அதில் முதல் தடவை பெங்களூர் போனபோது, "எங்கியாவது நிறுத்தி காபி குடிக்கலாமாங்க?" என்றேன்.

"கொஞ்ச நேரத்துல வீடே வந்துடும்மா. அங்கியே குடிச்சிக்கலாம்."

வந்தும்விட்டது. வழியில் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர் போன் செய்தார். "சார், வண்டிய ரெடி பண்ணிட்டேன். வந்து ஓட்டிப் பாருங்க."

இவர் சட்டை மாற்றிய வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏனாத்தூரில் கார் பளபளவென்று நின்றது. ஏசி, பவர் ஸ்டியரிங், வேறொரு காரின் என்ஜின். "இப்ப உங்க புது வண்டி மாதிரியே ஓடும் சார்," என்றார் பெருமையாக. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆசை ஆசையாகத்தான் செய்திருந்தார். இவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலேஜ் கேட் வரை போய்த் திரும்பினோம். வண்டி சத்தமே போடவில்லை.

"நல்லா இருக்குதுபா," என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது, "விக்காம வீட்லியே நிறுத்தி வெச்சிருக்கலாம்," என்றார்.

"நம்ம வீட்ல எங்கங்க எடம்?" என்றேன்.

உண்மைதான். இருந்தாலும் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஆமாமா," என்று ஏசியைக் கூட்டி வைத்தார்.

அந்த இளைஞர் அதற்கப்புறமும் கூப்பிட்டார். இவர் போகவில்லை.