ஒரு தட்டு என்றால் போதும்

வருஷத்தில் எட்டு மாதம் பாய்லர்காரரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. குளிர் வந்துவிட்டால் ஆறு மாடிக் கட்டடமும் அவர் காலடியில் கிடக்கும். கோடையெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மூன்றாம் மாடி வக்கீல்கூட அடித்தளத்துப் படிக்கட்டில் தலையை நீட்டி, "என்ன அண்ணே, சாப்டாச்சா?" என்பார். சாப்பாட்டைப் பற்றிய அக்கறை ஒன்றுமில்லை. பாய்லரின் வெந்நீர் குழாய் வழியே ஏறி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் அவர் வீட்டில் சூடாகவில்லை, அவ்வளவுதான்.

பாய்லர்காரருக்கு அதில் வருத்தமும் கிடையாது. குளிர்காலத்தை அவரைப் போல ரசித்த மனிதர் அந்தத் தெருவிலேயே இல்லை. யாருடைய காலும் படாத பனியில் முதல் ஆளாக நடந்து வருவார். பாய்லரை மூட்டிவிட்டு, நனைந்த காலுறைகளைச் சூடான குழாயில் காயப் போடுவார். பக்கத்திலேயே ஆரஞ்சுத் தோலை வைப்பார். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க மணக்கும். தெருவை ஒட்டிய சின்ன ஜன்னல் வழியே போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். வக்கீலின் கால் பனியில் வழுக்கினால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், பொய் சொல்வானேன். கையில் ஒரு கோப்பை டீ. வாழ்க்கையில் அவர் வேறெதையும் பெரிதாகக் கேட்டதில்லை.

ஐந்தாம் மாடியில் அவருடைய அக்கா இருந்தாள். தையல்காரி. மகளோடு குடியிருக்க அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். "தம்பி கீழ நெருப்பு மூட்டுறான், நான் மேல குளிர் காயுறேன். எனக்கென்ன குறை?" என்று வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வாள். முட்டிவலிக்காரி, சண்டை போடக்கூட இறங்கி வர முடியாது. அதனால் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கத்தரிக்கோலின் பிடியால் ரேடியேட்டர் குழாயில் இரண்டு தட்டு தட்டினால் இன்னும் சூடு வேண்டும் என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் போதும். சத்தம் குழாய் வழியே இறங்கி அவர் காதுக்கு வந்துவிடும். பத்து வருஷம் அக்காவும் தம்பியும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு இரண்டு தட்டு கேட்டது. ஐந்தாம் மாடிக்குப் போகும் வால்வைக் கால் சுற்றுத் திறந்தார். மறுபடி இரண்டு. இன்னொரு கால் சுற்று. மறுபடியும் இரண்டு. "மகாராணிக்கு இன்னைக்கு ரொம்பத்தான் குளிருது" என்று முணுமுணுத்தபடி முழுக்கத் திறந்துவிட்டார். நெடுநேரம் கழித்து ஒரே ஒரு தட்டு. சரி, போதும் என்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே பனி கொட்டியது. டீ பதமாக அமைந்திருந்தது. காலுக்குக் கதகதப்பு, காதுக்குப் பாய்லரின் மெல்லிய உறுமல். அவ்வளவு நிம்மதியான ஒரு மணி நேரம் அதற்கு முன் அவருக்கு வாய்த்ததே இல்லை. அதுதான் கொடுமை.

பேக்கரியில் இரவு வேலை பார்க்கும் அக்கா மகள் பத்து மணிக்கு வீடு திரும்பினாள். ரேடியேட்டர் ஓரம் தரையில் தாய் கிடந்தாள். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. மூளையில் ரத்தம் கசிந்து பேச்சு போய்விட்டது, ஒரு கை மட்டும் அசைந்திருக்கும் என்றார் டாக்டர். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார். சில பேருக்கு வாயை அடக்கத் தெரியாது.

தட்டல் கேட்டதைப் பாய்லர்காரர் யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம்கூட. ஆனால் அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார அவரால் முடியவில்லை. நின்றபடியே வேலை பார்த்தார். சூடேறினால் குழாய் தானாகவே சத்தம் போடும், முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த விஷயம். தெரிந்து என்ன? சத்தம் கேட்டதும் ஐந்து மாடி ஏறுவார். ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை.

இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்த நாளில் ஒரே ஒரு தட்டு கேட்டது. மூச்சு வாங்க ஓடினார். அக்கா மகள் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தாள்.

"நான் தட்டல மாமா. நீங்க ஏறி ஏறிப் படிதான் தேயுது. உள்ள வாங்க."

அவர் உட்காரவில்லை. கண் ரேடியேட்டர் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது. அவள் கவனித்துவிட்டாள்.

"அம்மாவ நெனச்சு இப்படி உடைஞ்சு போகாதீங்க. அன்னைக்கு நான் வந்தப்ப ரூம் எவ்வளவு கதகதப்பா இருந்துச்சு தெரியுமா? குளிர்ல கெடக்காமப் போனாங்க. அதை நெனச்சுத்தான் நான் தூங்குறேன். அதுக்கு நீங்கதான் காரணம்."

அவர் சும்மா இருந்திருக்கலாம். அவளுக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல் அது. அதைப் பிடுங்கினால் அவள் கையில் என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாளே, அதை எப்படி வாங்கி வைத்துக்கொள்வது?

"அன்னைக்கு அம்மா குழாயத் தட்டினா, கண்ணு. எனக்குக் கேட்டுச்சு."

"எத்தனை தடவை?"

"ரெண்டு ரெண்டா மூணு தடவை. சூடு கேக்குறான்னு வால்வைத் திறந்து விட்டேன். அப்புறம் ஒண்ணு."

"அந்த ஒரு தட்டுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?"

"டீ குடிச்சேன்."

"நீங்க கீழ போங்க மாமா" என்றாள். குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

பதினோரு நாள் அந்தக் குழாயில் ஒரு சத்தமும் இல்லை. தானாக வரும் சத்தம்கூட இல்லை. பாய்லர்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, அவள் வேலையிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து ஏறிப் போனார்.

கம்பளிக் கோட்டும் தொப்பியுமாகக் கதவைத் திறந்தாள். வீட்டுக்குள் அவள் மூச்சு புகையாக வந்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே பனி படிந்திருந்தது. ரேடியேட்டரின் திருகை இறுக மூடி வைத்திருந்தாள்.

"அந்தச் சூட்டுல என்னால படுக்க முடியல மாமா."

திரும்பிப் போகக் காலை எடுத்தார்.

"கதவைச் சாத்திட்டு உக்காருங்க" என்றாள் அவள். அடுப்பில் தண்ணீர் வைத்து, இரண்டு கோப்பையில் டீ கொண்டுவந்தாள். "இனிமே கீழ தனியாக் குடிக்காதீங்க. இங்க வந்து குடிங்க. இந்தக் குளிர்லயே."

இரண்டு பேரும் கோட்டைக் கழற்றாமல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சுட்டது. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்து முதல் தடவையாக டீ நாக்குக்கு ருசித்தது. வெட்கமாகவும் இருந்தது, கண்ணும் நிறைந்தது. மிச்சம் வைக்காமல் முழுக்கக் குடித்தார்.

"திருகைத் திறக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வேணாம் மாமா."