ஆணி அடிக்காத கூரை

சண்டை நடந்த காலத்தில் அரசாங்கம் எங்கள் ஊருக்குச் செலவழித்ததெல்லாம் வானத்திலிருந்துதான் வந்து விழுந்தது. சண்டை முடிந்த பிறகு காப்பெற் போட்ட தார் வீதி வந்தது, கரண்ட் வந்தது, கடைசியில் எங்களுக்கும் ஒரு வீட்டுத்திட்டம் வந்தது. இருக்கிற கொட்டிலைப் பிடுங்கினால்தான் அத்திவாரக் காசு தருவோம் என்றார்கள். பிடுங்கினோம். சுவர் எழும்பி முடிய ஆட்சி மாறியது. முந்தின ஆட்சியின் திட்டத்துக்குப் புது ஆட்சியிடம் காசில்லையாம். நாலு சுவருக்கு நடுவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை மாதம் கிடப்பது?

மாரி மழை தொடங்க முன்னம், கொட்டிலின் பழைய தகரங்களை என் மனுசன் சுவர்களுக்கு மேல் பரப்பினார். ஆணி அடிக்கவில்லை, கல்லும் பழைய லொறி ரயரும்தான் பாரத்துக்கு. இடம்பெயர்ந்த காலம் முழுக்க அப்படித்தான் போட்டோம். ஷெல் கிட்ட வந்தால் தகரத்தை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும், ஆணி பிடுங்க யார் நிற்பது?

பிறகு ஒருநாள் மிச்சக் காசு விஷயமாக உத்தியோகத்தர் ஒருவர் வந்து மேலே பார்த்தார்.

"கூரை போட்டிட்டியள்தானே அம்மா. வேலை முடிஞ்ச வீடெண்டுதான் நான் பதிவன்."

"சேர், அது ஓடேக்க கழட்டுறதுக்கு வைச்ச தகரம்," என்றேன்.

"இனி எங்கை ஓடப்போறியள்?" என்று சிரித்துக்கொண்டே மோட்டார்சைக்கிளை உதைத்தார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

இனிக் கூரைக் காசு வராது என்று அன்று பின்னேரமே மனுசன் சுத்தியலோடு மேலே ஏறினார். நான் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு ஆணியும் இறங்க, என்னை உள்ளே வைத்து மூடி அறைவதுபோல இருந்தது.