அக்காவுக்கு எடுத்த நீலத் தாவணி

எங்கள் வீட்டில் இந்தக் கதையை யார் எடுத்தாலும் கடைசியில் குற்றவாளி நான்தான். கல்யாணம், காதுகுத்து, கிடா விருந்து என்று நாலு பேர் கூடிவிட்டால் போதும், "இவ அன்னைக்குக் கடையில உருண்ட உருளல்லதான்" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முட்டி வலிக்கு மாத்திரை தின்கிறேன். ஆனாலும் இவர்கள் கணக்கில் நான் இன்னமும் நாமக்கல் ஜவுளிக்கடைத் தரையில் உருண்டுகொண்டேதான் இருக்கிறேன். சரி, நடந்ததை ஒரு தடவை முழுசாகச் சொல்லித் தொலைக்கிறேன்.

நான் ஐந்தாவது போகவேண்டிய வருஷம் அது. தம்பி அப்போதுதான் ஒன்றாவது சேரப் போகிறான். அக்கா எட்டாவது முடித்திருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. ஒன்பதாவது படிக்க வேண்டும் என்றால் சேந்தமங்கலத்துக்கு பஸ்ஸில் போய் வரவேண்டும். அப்பா லாரி ஓட்டுகிறவர், கல்கத்தா லைன். ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். அதனால் தோட்டம், துரவு, எங்கள் தலையெழுத்து எல்லாமே பெரியப்பா கையில்தான். பங்குனி மாதமே பெரியப்பா சொல்லிவிட்டார், வயசுக்கு வந்த பிள்ளையை பஸ் ஏற்றி அனுப்ப வேண்டாம், எட்டுப் படித்தது போதும் என்று. அவர் சொன்னால் சொன்னதுதான். அம்மா அவர் முன்னால் வந்து நின்று பேசுகிற வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்தபடியே "செரிங்க" என்றாள்.

அக்கா அழுது புரண்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஒரு சொட்டு அழவில்லை. அதற்குப் பதிலாக, விடியும் முன்னே எழுந்து சாணி வழித்து, எருமைக்குத் தண்ணீர் காட்டி, குழம்பையும் கூட்டி இறக்கி வைத்துவிட ஆரம்பித்தாள். பஸ்ஸுக்குப் போனாலும் வீட்டு வேலை ஒன்றும் கெட்டுப் போகாது என்று காட்டுகிறாளாம். யாரும் அதைக் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. எனக்குத்தான் வினை வந்தது. அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று நாளுக்குப் பத்துத் தடவை திட்டு விழுந்தது.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது அப்பா வந்து சேர்ந்தார். லாரிக்கு பெயிண்ட் அடிக்க நாமக்கல் பட்டறையில் விட்டிருந்தார்கள், அதனால் அவருக்கு மூன்று நாள் சும்மா. சும்மா இருக்கிற மனுஷன் பேசாமல் தூங்கியிருக்கலாம். இந்த வருஷம் பள்ளிக்கூடத்துச் சாமான் எல்லாம் தானே பிள்ளைகளைக் கூட்டிப்போய் வாங்கித் தரப்போவதாகக் கிளம்பிவிட்டார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுடைய முறையே வேறு. சீமாற்றுக் குச்சியால் எங்கள் பாதங்களை அளந்து ஒடித்து, அந்தக் குச்சிகளை முந்தானையில் முடிந்துகொண்டு தனியாகச் சந்தைக்குப் போவாள். ஒரு மணி நேரத்தில் செருப்பு முதல் சிலேட்டு வரை முடித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பிள்ளைகளைக் கையோடு கடைக்குக் கூட்டிப் போவது எங்கள் பக்கத்தில் புத்தி தெளிந்தவர்கள் யாரும் செய்யாத காரியம்.

சின்னது இரண்டையும் கூட்டிப் போ, பெரியவள் வீட்டில் இருக்கட்டும் என்றார் பெரியப்பா. தம்பியை யார் பிடிப்பது, அவளும் வரட்டும் என்றார் அப்பா. அக்காவை நிறுத்திவிட்ட சங்கதியை அப்பாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா சொல்லியிருப்பாள் என்று பெரியப்பா இருந்துவிட்டார். பெரியவர் எடுத்த முடிவு, அவரே சொல்லட்டும் என்று அம்மா இருந்துவிட்டாள். என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், என்னை யார் கேட்டது.

அப்பாவை நம்பி விட மனசில்லாமல் அம்மாவும் கூடவே கிளம்பினாள். நாமக்கல்லில் இறங்கின நேரத்துக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. முதலில் செருப்புக்கடை. அப்பாவுக்கு எங்கள் வயது எந்தக் காலத்திலும் நினைவில் நின்றதில்லை. எங்களை அவர் லாரியை வைத்து அளந்து வைத்திருந்தார். தம்பி டயர் உயரம், நான் மட்காடு உயரம், அக்கா கதவுக் கைப்பிடி உயரம். அதுவும் போன தடவை வந்தபோது பார்த்த உயரம். பிள்ளைகள் எதிரிலேயே நிற்கிறோம் என்பதை மறந்து, மட்காடு உயரத்துக்கு ஒரு ஜோடி கொடுங்க என்று கையை இடுப்புக்கு மேலே வைத்துக் காட்டினார். கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். அம்மா புகுந்து, எல்லோருக்கும் இரண்டு விரல் நீளம் கூடவே எடுத்தாள். வளர்கிற பிள்ளைகளாம். அந்தச் செருப்பு எனக்குப் பொருந்தி வருவதற்குள் வார் அறுந்துவிட்டது, அது தனிக்கதை.

அடுத்து சிலேட்டு. காசு கொடுத்து மீதி வாங்குவதற்குள் தம்பி இரண்டு பல்பத்தைத் தின்றுவிட்டான். வாயைத் திறக்கச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டான். அப்பா கெஞ்சினார், அம்மா முதுகில் ஒன்று வைத்தாள், அவன் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. வடக்கே எங்கேயோ மலைப்பாதையில் பத்து டன் லோடை இறக்குகிற மனுஷனுக்கு ஆறு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. சட்டை முழுக்க வியர்வை. மூன்றாவது கடைக்குப் போவதற்கு முன்பே அவருக்கு லாரிப் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். எனக்கு அலுமினியப் பெட்டி வேண்டும். எங்கள் வகுப்பு டீச்சர் மகள் வைத்திருந்தாள். மூடினால் டக் என்று சத்தம் வரும். எனக்கு வருஷா வருஷம் கல்யாண வீட்டு மஞ்சள் பைதான். யாரோ ஒரு மாப்பிள்ளை பெண்ணின் பெயரைச் சுமந்துகொண்டு நான் பள்ளிக்கூடம் போவேன். ஜவுளிக்கடைக்கு நேர் எதிரே பாத்திரக்கடை. வாசலில் அந்தப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபின் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

ஜவுளிக்கடையில் அம்மாவின் கண் மீட்டர் கம்பியை விட்டு அசையவில்லை. தம்பியின் டவுசர் துணியை அளந்தபோது கடைக்காரர் ஒரு விரற்கடை உள்ளே தள்ளிப் பிடித்துவிட்டார் என்று மறுபடி அளக்க வைத்தாள். என் பாவாடைத் துணிக்கும் அதேதான். அவர் முகம் சுருங்கிப் போனது. அதற்குள் நான் பெட்டி, பெட்டி என்று முந்தானையை இழுக்க ஆரம்பித்திருந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அவ்வளவுதான், நான் தரையில் விழுந்து உருண்டேன். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மா குனிந்து என் கையைப் பிடித்து இழுக்க, நான் துணிக் கட்டு வைத்திருந்த பலகையின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் மேலே அப்பாவின் குரல் கேட்டது. "மூத்தவ ஒம்போதாவதுங்க. அதுக்கு என்ன துணியோ அதையுங் குடுத்துருங்க."

ஒம்போதாவது என்றால் நீலப் பாவாடை, வெள்ளை ஜாக்கெட், நீலத் தாவணி. கடைக்காரருக்கு அது மனப்பாடம். அம்மா என்னை உரித்தெடுத்து நிமிர்வதற்குள் துணி சர்சர்ரென்று கிழிபட்டு மேஜைமேல் கிடந்தது. அம்மா, அட கெரகமே என்றாள். அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை. புரிந்துகொள்ள அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை, அதற்குள் தம்பியைக் காணோம். கடைவீதியில் லாரி ஹாரன் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறான். அப்பா அவன் பின்னால் ஓடினார்.

அம்மா கடைக்காரரிடம், இந்தப் பிள்ளை இனிமேல் படிக்கப் போகவில்லை, வீட்டுக்காரருக்குத் தெரியாது, கிழித்துவிட்டீர்களே என்று சொன்னாள். இவ்வளவு நேரம் இவளிடம் படாதபாடு பட்ட மனுஷன், என்ன நினைத்தாரோ, தன்மையாகவே பேசினார்.

"அதுக்கென்னுங்கம்மா. பள்ளிக்கூடம் தொறக்கற சமயம், இந்த அளவுக்கு நாளைக்கே ஆளு வந்துரும். வேண்டாம்னா சொல்லுங்க, நானே எடுத்து வெச்சுக்கறேன்."

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்தபடி அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா துணியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன், இரண்டு பேர் முகமும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"கட்டுங்க," என்றாள் அம்மா.

பொட்டலத்தை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்துத் தரதரவென்று எதிர்க்கடைக்கு இழுத்துப் போய், ஒரு வார்த்தை பேரம் பேசாமல் அலுமினியப் பெட்டியை வாங்கிக் கொடுத்தாள். உருண்டதற்குக் கிடைத்த பலன் என்று நான் நினைத்துக்கொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ தடவை உருண்டிருக்கலாமே என்று வருத்தம்கூட வந்தது.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம். பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வாங்கி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவர் கோணல் ஆணியைக்கூடத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைக்கிறவர். நீலத் துணியைப் பிரித்ததும் நிமிர்ந்தார். இது யாருக்கு என்று கேட்டார். அப்போதுதான் அப்பாவுக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது. "எனக்குத் தெரியாதுங்கண்ணா, கிழிச்சுப் போட்டாங்க," என்று பிடரியைச் சொறிந்தார். கிழித்தால் என்ன, நாளைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றார் பெரியப்பா. அக்கா தண்ணீர்ச் செம்போடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

கதவுக்குப் பின்னால் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "கிழிச்ச துணிய எந்தக் கடையில திருப்பி வாங்குவாங்க. இந்தச் சனியன் கடையில உருண்டு பொரண்டுட்டுக் கெடந்துச்சுங்க, நான் பாக்காமப் போயிட்டனுங்க."

எனக்கு வந்ததே கோபம். அழிச்சாட்டியம் பண்ணியது வாஸ்தவம், ஆனால் துணிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? என் மேல் பழி வரக்கூடாது, பெரியப்பாவுக்கு உதவியாகவும் இருக்க வேண்டும் என்று முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன்.

"இல்லீங்க பெரியப்பா, அந்தக் கடைக்காரரே..."

அதற்கு மேல் சொல்லவில்லை. என்றைக்கும் பெரியப்பா முன்னால் வராத அம்மா கதவைத் தாண்டி வந்து கன்னத்தில் விட்டாள் ஒன்று. காது கொய்யென்றது. பெட்டி கையிலிருந்து விழுந்து உருண்டது. அதற்குமுன் அவள் எத்தனையோ அடித்திருக்கிறாள், இப்படி ஒரு அறை நான் வாங்கியதில்லை.

பெரியப்பாவே அரண்டுவிட்டார். "உடு புள்ள, உடு. பச்சக் கொழந்தையப் போட்டு அடிச்சா துணி ஒட்டிக்குமா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் அந்தத் துணியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நல்ல துணிதான் என்றார். வீணாகப் போகக் கூடாது, ஒரு வருஷம் போய்விட்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். அந்த ஒரு வருஷம் எத்தனை வருஷமாக நீண்டது என்பதற்குக் கணக்கில்லை. அக்கா பள்ளிப் படிப்பை முடித்து, டீச்சர் ட்ரெயினிங் போய், ஊரூராக மாறுதல் வாங்கி, கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டாள். அம்மா கண்ணை மூடுகிறவரைக்கும் என் உருளலைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். பத்து வயதுப் பிள்ளையை யாராவது இடுப்பில் வைப்பார்களா, கால் தரையில் இழுபட்டது. முகத்தைக் கழுவிவிட்டு, கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, முகமெல்லாம் ஈரமாக இருந்தது. எனக்கு ஆறவே இல்லை. நான் பொய்யா சொன்னேன், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாரா இல்லையா, நீயும்தானே பக்கத்தில் நின்றாய், உனக்கும் கேட்டதுதானே என்று விக்கி விக்கிக் கேட்டேன்.

"எனக்குக் கேக்கலியே சாமி," என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, கீழே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது எப்படிக் கேட்காமல் போகும்? அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது, பாவம், இது வீட்டில் யாருக்கும் தெரியாது, இப்படிக் காது கேட்காதவள் சேந்தமங்கலம் போய் வாத்தியார் சொல்வதை எப்படிக் கேட்டுப் படிக்கப் போகிறாள் என்று எனக்கு ஒரே கவலையாகிவிட்டது. பெரியப்பாவிடம் சொல்லலாம்தான். இன்னொரு அறை வாங்கத் தெம்பில்லாமல் பேசாமல் இருந்துவிட்டேன்.