நூற்று நாற்பத்திரண்டு தப்படி

1978 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலே கால் மணி. தூறல். உத்திரமேரூர் கிளை நூலகத்தில் வாசகர் வட்டத்துக்கு என்னையும் சேர்த்து ஏழு பேர் வந்திருந்தோம். அன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு கோர்ட் நாவல். மைத்துனனின் பொய் வழக்கை நடத்தும் வக்கீல்தான் கதாநாயகன். உண்மையைச் சொல்வதா, விடுவதா என்று 212 பக்கம் தூக்கமில்லாமல் புரள்கிறான். கடைசிப் பக்கத்தில் சொல்லிவிடுகிறான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல என்னய்யா மனப்போராட்டம்? பேடித்தனம்! தினம் ஏரிக்கரையில நடக்கிறேன். மதகுலேர்ந்து எல்லைக்கல்லு நூத்தி நாப்பத்திரண்டு தப்படி இருந்தது. ஆடி மாசத்துக்கப்புறம் நூத்தி அம்பத்தொண்ணு. எவன் கேட்டாலும் சொல்லுவேன்."

பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அந்தக் கல்லுக்கு அப்பால் அவர் நிலம். இப்பால் என் மச்சான் நிலம். ஆத்திரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

"வாத்தியாரே, அந்த நம்பர இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

அவர் வழக்குப் போட்டார். பதினான்காம் மாதம் எனக்குச் சாட்சி சம்மன் வந்தது. வாய்தாவுக்கு முந்தின நாள் அதே நாவலை மறுபடி எடுத்து வந்தேன். அவன் எப்படித்தான் சொன்னான் என்று பார்க்க வேண்டியிருந்தது.

மனைவி சோற்றைப் போட்டபடி சொன்னாள்: "சொல்லிட்டு வாங்க. ஆனா நாளையிலேர்ந்து எனக்குப் பொறந்த வூடு இல்லன்னு நெனச்சிக்கினு வாங்க."

காஞ்சிபுரம் கோர்ட்டில் அவருடைய வக்கீல் தப்படிக் கணக்கைக் கேட்டார். "ஞாபகம் இல்லை" என்றேன்.

"இங்க எத்தனை படி ஏறி வந்தீங்க சார்?"

"பதினொண்ணு."

வாய் முந்திக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். வெளியே அந்த நிலத்துக்காரர் வழிமறித்தார். "இன்னா வாத்தியாரே, படிக்கட்டு மட்டும் ஞாபகம் கீதா?"

வேறு சாட்சி இல்லை. அவர் தோற்றார். ஒன்பது தப்படி மச்சானோடு போயிற்று.

அந்த நாவலாசிரியர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உண்மை தெரிந்திருப்பதில் என்ன போராட்டம்? சொல்லிவிட்டு எந்த வீட்டில் போய்ச் சாப்பிடுவது என்பதுதான் போராட்டம். அதை எழுதாமல் கதையைக் கோர்ட்டோடு முடித்துக்கொண்டார். ஆனாலும் அந்த வக்கீல் சொன்னான். நான் சொல்லவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மதகுக்குப் போய் நாவலை ஏரியில் வீசினேன். எல்லைக்கல் வரை எண்ணாமல் நடக்கப் பார்த்தேன். முடியவில்லை. நூற்று ஐம்பத்தொன்று.

புத்தகம் தொலைந்துவிட்டது என்று நூலகத்தில் இன்னொரு பொய் சொன்னேன். விலையும் அபராதமுமாகக் கட்டியது எட்டு ரூபாய் பத்து பைசா.